கொமெண்டாவில் ஆலை இருக்கிறது, கரும்பு இல்லை: இந்தியா–கானா உறவின் வரவு செலவு

2025 ஜூலை 3 அன்று அக்ராவில் கானா நாடாளுமன்றத்தில் பேசிய நரேந்திர மோடி, இந்தியாவில் 2,500-க்கும் அதிகமான அரசியல் கட்சிகள் இருப்பதாகச் சொன்னார். அவையில் சலசலப்பும் சிரிப்பும் எழுந்தன. அவர் அந்த எண்ணை மீண்டும் அழுத்திச் சொன்னார். இரண்டு பெரிய கட்சிகள் மாறி மாறி ஆளும் நாட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது நம்ப முடியாததாக இருந்திருக்கும். அதற்கு முதல்நாள் கானாவின் தேசிய விருதுகளில் ஒன்றை அதிபர் ஜான் டிராமனி மஹாமா அவருக்கு அணிவித்திருந்தார். பண்பாட்டுப் பரிமாற்றம், தர நிர்ணயம், பாரம்பரிய மருத்துவம், கூட்டு ஆணையம் என நான்கு புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. இரு நாட்டு உறவு 'முழுமையான கூட்டாண்மை' என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டதாக அறிவிப்பும் வந்தது.

இந்தியப் பிரதமர் ஒருவர் கானாவுக்குப் போனது அதற்கு முன் 1995-ல். அப்போது சென்றவர் நரசிம்ம ராவ். நடுவில் முப்பது ஆண்டுகள். நெருங்கிய நண்பர்கள் என்று இரு தரப்பும் ஓயாமல் சொல்லிக்கொள்ளும் உறவில் இது நீண்ட இடைவெளிதான். ஆனால் உறவு அறுந்திருந்தது என்று சொல்ல முடியாது. அந்த முப்பது ஆண்டுகளில்தான் இந்தியக் கடனில் கானாவுக்கு ஓர் அதிபர் மாளிகை, கொமெண்டாவில் ஒரு சர்க்கரை ஆலை, ஒரு ரயில் பாதை எல்லாம் வந்தன. இந்தியப் பத்திரிகைகள் கானாவைப் பற்றி எழுதும்போது நேருவையும் கானாவின் முதல் தலைவர் நிக்ருமாவையும் நினைவுகூரும்; இல்லையென்றால் சீனாவுடனான போட்டியை அளக்கும். கட்டிக் கொடுத்த ஆலைக்குப் பூட்டுப் போட்டது யார், ஏன் என்ற கதையைத் தேடிப்பிடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இந்த உறவின் நிஜமான கணக்கு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பழைய கதையை முதலில் சொல்லிவிடலாம். அதிலும் பாடப்புத்தகம் சொல்லாத சில திருப்பங்கள் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் கோல்டு கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட அன்றைய கானாவிலிருந்து பல்லாயிரம் வீரர்கள் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவுகள் இந்தியா வழியாக பர்மா முனைக்குச் சென்று ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டன. அந்த வீரர்கள் இந்தியாவில் விடுதலைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்ததை நேரில் பார்த்தவர்கள். ஊர் திரும்பியபின் வாக்களிக்கப்பட்ட ஓய்வூதியமும் வேலையும் கிடைக்கவில்லை. 1948 பிப்ரவரி 28 அன்று மனுவோடு அக்ராவின் ஒசு கோட்டையை நோக்கி ஊர்வலமாகப் போனபோது பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி ஒருவர் சுட்டதில் முன்னாள் வீரர்கள் மூவர் இறந்தனர். தலைநகர் பற்றி எரிந்தது. கானாவின் விடுதலை வரலாற்றை அந்த நாளிலிருந்துதான் அந்நாட்டவர் எண்ணத் தொடங்குகிறார்கள். 1950-ல் குவாமே நிக்ருமா அறிவித்த வேலைநிறுத்த, ஒத்துழையாமைப் போராட்டத்துக்கு காந்தியின் வழி முன்மாதிரியாக இருந்ததை நிக்ருமாவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்தியா 1953-லேயே அக்ராவில் ஒரு பிரதிநிதி அலுவலகத்தைத் திறந்துவிட்டது. 1957 மார்ச் 6-ல் கானா விடுதலை பெற்றதும் அது முழுமையான தூதரக உறவாகியது. அடுத்த சில ஆண்டுகளில் நேரு கொடுத்த உதவி இன்றைய கடனுதவிகளிலிருந்து தன்மையிலேயே வேறுபட்டது. கானா விமானப்படையை அமைக்க இந்திய அதிகாரிகள் போனார்கள். அதன் முதல் தளபதியே ஜஸ்வந்த் சிங் என்ற இந்திய விமானப்படை அதிகாரி. வெளிநாட்டு உளவு அமைப்பு ஒன்றை உருவாக்க நிக்ருமா உதவி கேட்டபோது இந்திய உளவு அதிகாரி ஆர்.என். காவ் அனுப்பப்பட்டார், அவருக்குப் பின் கே. சங்கரன் நாயர் அந்த வேலையைத் தொடர்ந்தார். பிற்பாடு 1968-ல் இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா' உருவானபோது அதன் முதல் தலைவரானவர் இதே காவ்தான். ஒரு நாடு தன் உளவுத் துறையையும் விமானப்படையையும் அமைக்கும் பொறுப்பை இன்னொரு நாட்டு அதிகாரியிடம் ஒப்படைப்பது சாதாரண நம்பிக்கையில் நடப்பதன்று. செலவோ அற்பம். இன்றைய கோடிக்கணக்கான டாலர் கடன்கள் எதுவும் அந்த அளவு நம்பிக்கையை வாங்கித் தந்ததாகத் தெரியவில்லை.

அந்த நட்பிலும் கீறல் விழுந்ததுண்டு. 1962-ல் சீனாவுடன் போர் மூண்டபோது, இந்தியாவுக்கு ராணுவ உதவி செய்வதாக பிரிட்டன் சொன்னதை நிக்ருமா எதிர்த்து, பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லனுக்கே எழுதினார். அணிசேராத் தோழரிடமிருந்து வந்த இந்த அடி டெல்லியை நோகடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்க கொழும்பில் கூட்டிய சமரச மாநாட்டில் பங்கேற்ற ஆறு நாடுகளில் கானாவும் ஒன்று. மாநாட்டு யோசனைகளை விளக்க 1963 ஜனவரியில் டெல்லிக்கு வந்தவர்களில் இலங்கை, எகிப்துப் பிரதிநிதிகளோடு கானாவின் பிரதிநிதியும் இருந்தார். விடுதலை பெற்று ஆறு ஆண்டுகூட ஆகாத மேற்கு ஆப்பிரிக்க நாடு இந்திய எல்லைத் தகராறில் நடுவராக உட்கார்ந்தது. உதவி வாங்கும் நாடு, கொடுக்கும் நாடு என்ற பிரிவு அன்று இவ்வளவு இறுகியிருக்கவில்லை.

1966 பிப்ரவரியில் ராணுவம் நிக்ருமாவைக் கவிழ்த்தது. அதன் பிறகு கானா ஒன்றன்பின் ஒன்றாக ஆட்சிக் கவிழ்ப்புகளிலும் பொருளாதாரச் சரிவிலும் சிக்கியது. இந்தியாவுக்கும் தன் பாடே பெரும்பாடு. அந்தக் காலத்தில் உறவை உயிரோடு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் சிந்தி வணிகர்கள். 1920-களிலிருந்தே கோல்டு கோஸ்டில் கடை வைத்திருந்த குடும்பங்கள் அவை. இன்று கானாவின் ஊர்தோறும் கிளை வைத்திருக்கும் மெல்காம் கடைகளை நடத்துவது அப்படி வந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள்தான்.

2000-க்குப் பிறகு காட்சி மாறியது. இந்தியாவிடம் அந்நியச் செலாவணி சேர்ந்தது, இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டில் வேலை தேடின, ஆப்பிரிக்காவில் சீனா வேகமாகக் கால் பதித்துக்கொண்டிருந்தது. 2004-ல் கானா உட்பட எட்டு ஆப்பிரிக்க நாடுகளுக்கு 50 கோடி டாலர் கடன் வசதி என்று 'டீம்–9' திட்டம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் ஜோகன்னஸ்பர்க்கில் பான்–ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசியபோது, ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளையும் பல்கலைக்கழகங்களையும் இந்தியாவோடு செயற்கைக்கோள் வழியாக இணைக்கும் யோசனையை முன்வைத்தார். கானாவும் அதில் சேர்ந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 2003-ல், அக்ராவில் கோஃபி அன்னான் பெயரில் தகவல் தொழில்நுட்பப் பயிற்சி மையம் ஒன்று இந்திய உதவியுடன் தொடங்கப்பட்டது. அளவில் சிறியது, ஆரவாரம் இல்லாதது, இன்றும் இயங்குகிறது.

பெரிய தொகைகள் வேறு வழியில் வந்தன. அந்த வழி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது.

'இந்தியா கானாவுக்கு இத்தனை கோடி டாலர் கொடுத்தது' என்று செய்தி வரும்போது, டெல்லியிலிருந்து அக்ராவுக்குப் பணம் போவதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். நடப்பது அப்படி இல்லை. கடன் தருவது இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கி, அதாவது எக்ஸிம் வங்கி. வங்கி சந்தையில் பணம் திரட்டி, கடன் வாங்கும் அரசுக்குக் குறைந்த வட்டியில் தருகிறது. வட்டி வித்தியாசத்தை இந்திய அரசு ஈடுகட்டி, கடனுக்கும் பொறுப்பேற்கிறது. வேலையை எடுப்பது இந்திய நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும். ஒப்பந்த மதிப்பில் குறைந்தது 75 விழுக்காட்டுப் பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்து போக வேண்டும் என்பது பொது விதி. கட்டுமானம் போன்ற வேலைகளில் கொஞ்சம் தளர்வு உண்டு. வேலை நடக்க நடக்க, வங்கி அந்த இந்திய நிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் கொடுத்துவிடுகிறது. பணம் மும்பையிலிருந்து மும்பைக்கோ டெல்லிக்கோ போய்ச் சேர்ந்துவிடும். கடன்காரர் மட்டும் அக்ராவில் இருப்பார்.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. விதிகளில் வெளிப்படையாகவே எழுதப்பட்ட ஏற்றுமதி ஊக்கத் திட்டம் இது. அமெரிக்காவும் ஜப்பானும் சீனாவும் இதையே வேறு அளவில் செய்திருக்கின்றன. எந்தத் திட்டம் வேண்டும் என்று கேட்பது கடன் வாங்கும் அரசுதான், நாங்கள் எதையும் திணிப்பதில்லை என்பது டெல்லி எப்போதும் சொல்லும் பதில். அது உண்மைதான். அந்த உண்மையிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. கேட்கும் அரசுக்குத் தேர்தலுக்குள் திறந்து வைக்க ஒரு கட்டடம் வேண்டும். கொடுக்கும் தரப்பில் ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வேண்டும். இரண்டு தேவையும் ரிப்பன் வெட்டும் நாளோடு நிறைவேறிவிடுகின்றன. மறுநாள் கதவைத் திறந்து வேலையை ஆரம்பிக்க வேண்டியவர் அந்த ஒப்பந்தத்தில் எந்தத் தரப்பிலும் இல்லை.

அதிபர் மாளிகையின் கதை இதற்கு ஒரு மென்மையான உதாரணம். 1948-ல் முன்னாள் வீரர்கள் ஊர்வலம் போன அந்த ஒசு கோட்டை, டென்மார்க்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் கட்டி அடிமை வணிகம் நடத்திய இடம். விடுதலைக்குப் பின்னும் பல ஆண்டுகள் கானாவின் ஆட்சி பீடம் அதுவாகவே இருந்தது. விடுதலையின் பொன்விழாவை ஒட்டி அதிபர் ஜான் குஃபுவர் புதிய மாளிகை கட்டத் தீர்மானித்தார். இந்தியக் கடன் வந்தது. ஷாபூர்ஜி பல்லோன்ஜி நிறுவனம் கட்டியது. கானா அரசர்களின் மரபான இருக்கையை நினைவூட்டும் வடிவில் எழுந்த மாளிகை 2008 நவம்பரில், குஃபுவரின் பதவிக்காலம் முடிவதற்குச் சில வாரங்கள் முன்பு, திறக்கப்பட்டது. டிசம்பர் தேர்தலில் அவரது கட்சி தோற்றது. புதிய அதிபர் ஜான் அட்டா மில்ஸ் அங்கே குடிபோக மறுத்துக் கோட்டையிலேயே இருந்துவிட்டார். 2013-ல் மஹாமாதான் அங்கே மாறினார். பெயரும் சண்டைக்குள்ளானது: குஃபுவர் வைத்த 'ஜூபிலி ஹவுஸ்' என்ற பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தின் பழைய பெயரான 'ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ்' என்பதையே ஒரு கட்சி புழங்கியது, மறு கட்சி 2018-ல் மீண்டும் ஜூபிலி ஹவுஸ் ஆக்கியது. முந்தைய ஆட்சி கட்டியதை அடுத்த ஆட்சி சீண்டாமல் வைத்திருக்கும் பழக்கம் தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதாக இராது.

மாளிகை சில ஆண்டு காலியாகக் கிடந்தாலும் கெட்டுப்போகாது. சர்க்கரை ஆலை அப்படியில்லை.

கானாவின் மத்திய மாகாணத்தில் கடலோரம் இருக்கும் ஊர் கொமெண்டா. 1960-களில் நிக்ருமாவின் தொழில்மயக் கனவின் பகுதியாக செக்கோஸ்லோவாக்கிய உதவியில் அங்கே ஒரு சர்க்கரை ஆலை வந்தது. நாட்டின் இன்னொரு பக்கத்தில் போலந்து உதவியில் அசுட்சுவாரே ஆலை. நிர்வாகக் கோளாறு, உதிரிபாகத் தட்டுப்பாடு, கரும்புப் பற்றாக்குறை என்று இரண்டும் படுத்துவிட்டன. கானா சர்க்கரையை வெளியிலிருந்து வாங்கியது, இன்றும் வாங்குகிறது. பழைய ஆலை இருந்த அதே ஊரில் 3.5 கோடி டாலர் இந்தியக் கடனில் புதிய ஆலை எழுந்தது. நாளொன்றுக்கு 1,250 டன் கரும்பு அரைக்கும் திறன். 2016 மே 30 அன்று மஹாமா திறந்து வைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் தேர்தல்.

சோதனை ஓட்டத்தில் சர்க்கரை வந்தது. அதற்குப் பிறகு ஆலை நின்றது. அரைப்பதற்குக் கரும்பு இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,250 டன் ஆலை ஓர் அரவைப் பருவத்தில் 150 நாள் ஓடினால் சுமார் 1,87,500 டன் கரும்பு வேண்டும். ஏக்கருக்கு 25 டன் விளைந்தால் 7,500 ஏக்கர். அதுவும் ஆலையிலிருந்து வண்டி எட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். வெட்டிய கரும்பு ஓரிரு நாளில் ஆலைக்குள் போகாவிட்டால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறைந்துகொண்டே போகும். ஏழாயிரம் ஏக்கரும் ஒரே வாரத்தில் முற்றிவிடவும் கூடாது. நடவையே முன்பின்னாகப் பிரித்து, யார் வயல் எப்போது வெட்டுக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இது இந்தியாவுக்குத் தெரியாத வித்தையா? தமிழ்நாட்டில் எந்தச் சர்க்கரை ஆலைக்கும் இயந்திரத்துக்குச் சமமாக இன்னொரு அமைப்பு உண்டு. ஆலைக்கென்று ஒதுக்கப்பட்ட ஊர்கள், பதிவு செய்த கரும்பு, வயல் வயலாகப் போகும் கரும்பு அலுவலர்கள், விதைக்கரணை, முன்பணம், வெட்டு உத்தரவு, லாரி வரிசை. வெட்டு உத்தரவு தாமதமானால் விவசாயிகள் சாலையில் உட்கார்ந்துவிடுவார்கள். நிலுவைத் தொகைக்காக ஆண்டுக்கணக்கில் போராடுவார்கள். சச்சரவு மிகுந்த அமைப்புதான். ஆனாலும் அரவைக்குக் கரும்பு வந்து சேர்வது அதனால்தான். கொமெண்டாவுக்குக் கப்பலில் போனவை உருளைகளும் கொதிகலனும் மட்டுமே. ஏற்றுமதிக் கடன் விதிப்படி அவைதான் 'இந்தியப் பொருள்'. கள்ளக்குறிச்சியிலோ முசிரியிலோ நாற்பது ஆண்டு வயல் சுற்றிய ஒரு கரும்பு அலுவலரின் அனுபவத்தை எந்த விலைப்பட்டியலில் சேர்ப்பது?

கரும்புச் சாகுபடிக்கும் பாசனத்துக்குமாகச் சுமார் 2.45 கோடி டாலருக்கு இன்னொரு இந்தியக் கடன் தனியாகப் பேசப்பட்டது. வயலுக்கான பணம் ஆலைக்கான பணத்தோடு, ஏன், அதற்கு ஈராண்டு முன்பே வந்திருக்க வேண்டும். இங்கே ஆலை முந்திக்கொண்டது. அதற்குள் ஆட்சி மாறியது. 'மாவட்டத்துக்கு ஒரு தொழிற்சாலை' என்ற முழக்கத்தோடு வந்த நானா அகுஃபோ-அட்டோவின் அரசு, ஏற்கெனவே கட்டப்பட்டு நின்ற ஒரு தொழிற்சாலையைத் தனியார் முதலீட்டாளரிடம் ஒப்படைக்கப் பலமுறை முயன்றது. எட்டு ஆண்டு ஆட்சி முடியும்வரை ஆலை ஒழுங்காக ஓடவில்லை. கரும்பே இல்லாமல் அவசரமாகத் திறந்தீர்கள் என்று ஒரு கட்சி; வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டீர்கள் என்று மற்றொரு கட்சி. இரண்டு குற்றச்சாட்டிலும் உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆலையை நம்பிக் கரும்பு நட்ட சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளுக்கு எந்தக் கட்சி சரி என்பதால் லாபமொன்றும் இல்லை.

கடனின் வட்டிக்கு ஆலை ஓடுகிறதா என்ற கவலை கிடையாது. 2022 டிசம்பரில் கானா திவாலாகி வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்குத் தவணை கட்டுவதை நிறுத்தியது. அந்த நிலைக்கு இந்தியக் கடன் காரணமில்லை. சர்வதேசக் கடன் பத்திரங்களும், உள்நாட்டுக் கடனும், பெருந்தொற்றும், செலவழிப்பில் கட்டுப்பாடின்மையும்தான் பெரிய காரணங்கள். ஆனால் வருமானம் ஈட்டாத சொத்துக்கு வாங்கிய ஒவ்வொரு டாலரும் அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழப்படுத்தியது. அரசுகளுக்குத் தர வேண்டிய கடனை மறுசீரமைக்கும் பேச்சில் சீனாவும் பிரான்சும் இணைத் தலைமை வகித்தன. கடன் கொடுத்தவர்களின் வரிசையில் இந்தியா எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அந்த ஏற்பாடே சொல்லிவிட்டது.

டேமா துறைமுகத்திலிருந்து வோல்டா ஏரிக்கரையில் உள்ள எம்பகடான் வரையிலான 97 கிலோமீட்டர் ரயில் பாதைக்கும் எக்ஸிம் வங்கிதான் கடன் கொடுத்தது. 40 கோடி டாலருக்கு மேல் செலவாகி, ஆப்கான்ஸ் நிறுவனம் கட்டி முடித்தது. வோல்டா ஆற்றின் மேல் 300 மீட்டர் பாலம் நல்ல பொறியியல் வேலை. சரக்கு ரயிலில் ஏரிக்கு வந்து, படகில் வடக்கே போய், அங்கிருந்து புர்கினா ஃபாசோவுக்குப் போக வேண்டும் என்பது கணக்கு. ஏரித் துறைமுகமும் படகுகளும் பாதைக்கு ஈடு கொடுத்து வளரவில்லை. ஓடுவதற்கான ரயில் போலந்திலிருந்து வந்தது. 2024 ஏப்ரலில் சோதனை ஓட்டத்தில், தண்டவாளத்தின் மேல் நின்றிருந்த லாரி ஒன்றில் மோதியது. கொமெண்டாவைப் போல இதை இப்போதே தோல்வி என்று எழுதிவிட மாட்டேன். ரயில் பாதைகள் பயன் தரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

கடன் திட்டங்களுக்கு வெளியே நடக்கும் வணிகம் இதைவிடப் பெரியது, இதைவிடப் பேசப்படாதது. இரு நாட்டு வணிகம் ஆண்டுக்கு 300 கோடி டாலரைத் தாண்டுகிறது. அதை ஐந்தாண்டில் இரட்டிப்பாக்குவதாக மோடியும் மஹாமாவும் அறிவித்தார்கள். இந்தியா கானாவிடமிருந்து வாங்குவதில் பெரும்பகுதி தங்கம். அதனால் கானாவின் பக்கம் வணிக உபரி இருக்கிறது, ஆப்பிரிக்க நாடுகளில் இது சற்று அரிது. ஆனால் அந்தத் தங்கத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது என்பது கானாவையே உலுக்கும் கேள்வி. 'கலம்சே' என்று அங்கே அழைக்கப்படும் சட்டவிரோதச் சுரங்கங்கள் ப்ரா, அங்கோப்ரா போன்ற ஆறுகளைச் சேற்றுக் குழம்பாக்கிவிட்டன. கொக்கோத் தோட்டங்கள் தோண்டிப் போடப்பட்டன. 2025-ல் மஹாமா அரசு தங்க வாரியம் அமைத்து, சிறு சுரங்கத் தங்கத்தை உள்ளூர்ச் சந்தையில் வெளிநாட்டவர் வாங்குவதற்குத் தடை போட்டது. தங்கத்தைச் சுத்திகரித்து அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்தில் 2024-ல் அக்ராவில் ஓர் ஆலையும் திறக்கப்பட்டது. கானா மத்திய வங்கிக்கு 20 விழுக்காட்டுப் பங்கு, மீதி இந்திய நிறுவனம் ஒன்றுக்கு. கடன் வாங்கிக் கட்டியதைவிட இந்த மாதிரி ஏற்பாடு மேல் என்று நினைக்கிறேன். ஆலை நின்றால் முதல் போட்டவருக்கும் நட்டம்.

மருந்து விஷயத்தில் இந்தியாவின் பெயர் அங்கே ஒரே நேரத்தில் நன்றிக்கும் கோபத்துக்கும் உரியது. 2021 பிப்ரவரி 24 அன்று கொட்டோகா விமான நிலையத்தில் இறங்கிய 6 லட்சம் டோஸ் கொரோனா தடுப்பூசி, நாடுகளுக்குத் தடுப்பூசியைப் பகிர்ந்தளிக்கும் சர்வதேச கோவாக்ஸ் திட்டத்தின் கீழ் உலகிலேயே முதல் நாடாகக் கானாவுக்கு வந்தது. தயாரித்தது புனேயின் சீரம் நிறுவனம். அடுத்த மாதமே இந்தியாவில் இரண்டாம் அலை எழ, ஏற்றுமதி நின்றது. இரண்டாவது ஊசிக்குக் காத்திருந்த கானாவில், ஒரே நாட்டை நம்பினால் என்ன ஆகும் என்ற பாடம் பதிந்தது. சொந்தத் தடுப்பூசி உற்பத்திக்கான முயற்சி அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. இன்னொரு பக்கம், 2025 பிப்ரவரியில் பிபிசி வெளியிட்ட புலனாய்வு, தப்பெண்டடாலும் கரிசோப்ரோடாலும் கலந்த போதை மாத்திரைகள் மும்பை நிறுவனம் ஒன்றிலிருந்து கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் நாடுகளுக்குப் போவதைக் காட்டியது. உலகில் எங்குமே மருந்தாக அனுமதிக்கப்படாத கலவை. வடக்குக் கானாவின் டமாலேயில் இளைஞர்கள் அதற்கு அடிமையாகிக் கிடக்க, ஊர்க்காரர்களே குழு அமைத்து மாத்திரைப் பெட்டிகளைப் பிடித்து எரித்தார்கள். இந்திய அரசு உடனே அந்தக் கலவையின் உற்பத்தியையும் ஏற்றுமதியையும் தடைசெய்தது. அதுவரை அனுமதித்தது யார் என்பதற்குப் பதில் வரவில்லை. 'உலகின் மருந்தகம்' என்று பெருமை பேசும்போது டமாலேக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையும் டெல்லி யோசிக்கலாம்.

2016-ல் கொமெண்டா ஆலை திறந்த இரண்டு வாரத்தில், குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கானா பல்கலைக்கழகத்தில் காந்தி சிலையைத் திறந்து வைத்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த இளம் காந்தி கறுப்பின மக்களைத் தாழ்த்தி எழுதியவற்றை எடுத்துக்காட்டிப் பேராசிரியர்கள் மனு போட்டார்கள்; ஆயிரத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். 2018 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டது. இந்தியாவில் இதை நன்றிகெட்ட செயலாகப் பார்த்தவர்கள் உண்டு. நிக்ருமா காந்தியிடம் கற்றதை அங்கே எவரும் மறுக்கவில்லை. அதைச் சொல்லியே அவர்களிடம் எல்லாவற்றையும் ஏற்கச் செய்துவிடலாம் என்ற நினைப்பைத்தான் மறுத்தார்கள்.

இனி வரப்போகும் உரசல் தமிழ்நாட்டுக்கு நேராகத் தொடர்புடையது. கானாவின் வென்ச்சி, டெச்சிமான் வட்டாரங்களில் விளையும் முந்திரிக்கொட்டையில் மிகப் பெரும்பகுதி உடைக்கப்படாமலேயே கப்பலேறுகிறது. வியட்நாம் முதல் வாடிக்கையாளர். இந்தியாவும் பெரிய வாடிக்கையாளர். தூத்துக்குடிக்கு வந்து இறங்கும் மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டை இல்லாவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பண்ருட்டியிலும் கொல்லத்திலும் முந்திரி ஆலைகள் பல மாதம் மூடிக்கிடக்கும்; அவற்றில் உட்கார்ந்து தோலுரிப்பவர்கள் ஏறக்குறைய அனைவரும் பெண்கள். கானாவோ, கொட்டையாக விற்றுப் பருப்பின் லாபத்தை இழக்கிறோம் என்று உணர்ந்து, கச்சா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் யோசனையைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறது. உள்ளூரில் உடைத்துப் பருப்பாக்கி இந்தியாவுக்கே விற்கலாமே என்றால், இந்தியா 2019-ல் முந்திரிப் பருப்பின் இறக்குமதித் தீர்வையை 70 விழுக்காடாக உயர்த்தி வைத்திருக்கிறது. கச்சாக் கொட்டைக்கு அது 2.5 விழுக்காடு. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு இந்தியா தரும் தீர்வைச் சலுகையைக் கானா கேட்கவும் முடியாது; அந்தப் பட்டியலில் அது இல்லை.

டெல்லி இதில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாராவது ஒருவர் கூலி இழப்பார், மார்த்தாண்டத்திலோ டெச்சிமானிலோ. கூட்டாண்மையை முழுமையாக்கியதாக அறிவித்த 2025 ஜூலை ஒப்பந்தங்கள் நான்கிலும் முந்திரித் தீர்வை பற்றி ஒரு வரியும் இல்லை. இனிக் கூடப்போகும் கூட்டு ஆணையத்தின் மேசைக்கு அதை எடுத்துவர வேண்டியது கானாதான். அப்போது இந்தியத் தரப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கடன் தொகை அறிவிப்பதைவிடப் பதில் சொல்வது கடினமாக இருக்கும்.